பிடித்த ஜோடியை எழுதியவரே பிரித்துவிட்டால்? காரைக்காலிடம் ஒரு பதில் இருக்கிறது

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி காரைக்காலில் வருஷா வருஷம் ஒரு கல்யாணம் நடக்கிறது. முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் திருக்கல்யாணம். மேளம், மாலை, கூட்டம் எதிலும் குறை கிடையாது. பெண் புனிதவதி, உள்ளூர் வணிகர் தனதத்தனின் ஒரே மகள். மாப்பிள்ளை பரமதத்தன், தெற்கே இருக்கும் நாகப்பட்டினத்துக்காரர். கல்யாணம் பார்க்க வந்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். இந்த மாப்பிள்ளை இந்தப் பெண்ணோடு கடைசிவரை வாழப்போவதில்லை. கப்பல் ஏறிப் போய்விடுவார். பாண்டிய நாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொள்வார். தெரிந்தும் சந்தோஷமாக நிற்கிறார்கள். அடுத்த வருஷமும் வருவார்கள்.

மாங்கனித் திருவிழா என்றால் மொட்டை மாடியிலிருந்து மாம்பழம் எறிவதுதான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். போட்டோவும் அதைத்தான் எடுப்பார்கள். எனக்கு அதைவிட அந்தக் கல்யாணம்தான் ஆச்சரியம். ஏனென்றால், ஓடிடி காலத்துப் பிள்ளைகள் தினமும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஒரு பிரச்சினைக்கு இந்த ஊர் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது.

பிரச்சினை இதுதான். ஒரு கதையில் ஒரு ஜோடியை உங்களுக்குப் பிடித்துப்போகிறது. இரண்டு பேரும் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். ஃபேன் உலகத்தில் இதற்குப் பெயர் ‘ஷிப்’. ரிலேஷன்ஷிப் என்ற சொல்லின் வாலை மட்டும் வெட்டி எடுத்தது. கதையை எழுதியவர் அதிகாரபூர்வமாக என்ன சொல்கிறாரோ அது ‘கேனன்’. ஷிப்பும் கேனனும் மோதினால் என்ன ஆகும்? கடைசி எபிசோடில் அவன் யாரையோ கட்டிக்கொள்வான், அல்லது அவள் செத்துப்போவாள். இரவு ரெண்டு மணிக்கு போனைக் கட்டிலில் வீசிவிட்டு, ‘என்னங்க இது, அநியாயம்’ என்று யாருக்காவது மெசேஜ் போடுவீர்கள். காலையில் ஆபீசில் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள்.

சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது செல்போன் தலைமுறையின் புது வியாதி இல்லை. காரைக்காலைச் சுற்றி இந்த டெல்டா கடற்கரை நெடுக, மனதுக்குப் பிடித்த ஜோடி பிரிந்த வருத்தத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேலான அனுபவம் கிடக்கிறது.

கம்பரின் வழி: அதற்கு மேல் போகாதே

பக்கத்து மயிலாடுதுறை மாவட்டத்தில் தேரழுந்தூர். கம்பர் பிறந்த ஊர். ராமாயணத்தில் ராமன் முடிசூடிய பிறகு ஒரு பகுதி உண்டு, உத்தர காண்டம். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து கர்ப்பிணியான சீதையை ராமன் காட்டுக்கு அனுப்புகிற பகுதி. அவ்வளவு பெரிய போர், அவ்வளவு காத்திருப்பு எல்லாம் முடிந்து, ஜோடியைக் கேனனே உடைக்கிற இடம் அதுதான். கம்பர் அதைத் தொடவே இல்லை. பட்டாபிஷேகம் செய்து வைத்து, வந்தவர்களுக்கு விடைகொடுத்து அனுப்பியதோடு காவியத்தை நிறுத்திக்கொண்டார். தமிழில் உத்தர காண்டத்தைப் பாடியவர் என்று மரபு சொல்வது ஒட்டக்கூத்தரை. 20-ஆம் நூற்றாண்டில் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ எழுதிய ராஜாஜியும் பட்டாபிஷேகத்தோடு கதையை முடித்துக்கொண்டார்.

கடைசி சீசனைப் பார்க்காமலே விட்டுவிடும் நண்பர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். ‘எனக்கு அது மூணாவது சீசனோட முடிஞ்சுபோச்சு’ என்பார். அவரைக் கிண்டல் செய்யாதீர்கள், கம்பர் கட்சி அவர்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. 1943-இல் புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ என்று ஒரு கதை எழுதினார். ராமன் பாதம் பட்டுக் கல்லிலிருந்து பெண்ணான அகலிகை, அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டு மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். சமாதானம் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. கேனன் தந்த காயத்தை ஆற்றாமல் இன்னும் ஆழமாகக் கீறிப் பார்க்கிற எழுத்து. ஃபேன்ஃபிக் என்றாலே ஜோடியைச் சேர்த்துவைக்கும் சர்க்கரைப் பாகு என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

கல்கிக்கு வந்த கடிதங்கள்

தொடர்கதைதான் ஷிப்பிங்குக்கு நல்ல விளைநிலம். ஒரே மூச்சில் படித்தால் இரண்டு நாளில் ஆறிவிடும். வாரா வாரம் காத்திருந்தால் அந்த ஜோடி வீட்டு மனுஷர்கள் ஆகிவிடுவார்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை, மூன்றரை வருஷம் வாரா வாரம் வந்தது. அதில் காரைக்காலுக்குத் தெற்கே, இதே கடற்கரையில் உள்ள கோடிக்கரைப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பூங்குழலி, தனியாகப் படகு ஓட்டுகிறவள். அருள்மொழிவர்மன் மேல் அவளுக்கு ஒரு மயக்கம். படித்தவர்களில் பாதிப்பேருக்கும் அந்த ஜோடி மேல் ஒரு மயக்கம். கல்கி என்ன செய்தார்? இளவரசனுக்கு வானதி. பூங்குழலிக்குச் சேந்தன் அமுதன். மணிமேகலை வந்தியத்தேவன் மடியிலேயே உயிர்விடுகிறாள். கதை அங்கே நின்றுவிட்டது.

வாசகர்கள் விடவில்லை. முடிவு திடீரென்று வந்துவிட்டது, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கடிதம் எழுதினார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் ஆசை அடங்கவில்லை. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று தொடர்ச்சியே எழுதினார். தாத்தா பாட்டி தலைமுறை போஸ்ட் கார்டில் செய்ததைத்தான் பேரப்பிள்ளைகள் இன்று கமென்ட்டில் செய்கிறார்கள்.

இதில் ஒரு ஷிப்புக்கு மட்டும் கல்வெட்டே சாட்சி. குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. எத்தனை ரசிகர்களுக்கு இப்படி ஒரு அதிர்ஷ்டம் கிடைக்கும்!

ஜெஸ்ஸி என்ன தப்பு செய்தாள்?

இப்போது இந்தத் தலைமுறையின் காயத்துக்கு வருவோம். 2010 பிப்ரவரி 26. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வும் அதன் தெலுங்கு வடிவமான ‘ஏ மாய சேசாவே’வும் ஒரே நாளில் வெளியாயின. ஒரே இயக்குநர் கௌதம் மேனன், ஒரே கதை. தெலுங்கில் ஜோடி சேர்ந்தது. தமிழில் பிரிந்தது. ஆந்திராவில் பாயசம், நமக்குக் கஷாயம். தமிழ் கார்த்திக் கடைசியில் என்ன செய்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். தன் காதலையே சினிமாவாக எடுத்து, அதில் மட்டும் ஜோடியைச் சேர்த்துவைக்கிறான். ஜெஸ்ஸி தியேட்டரில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறாள். ஒரு ஃபேன்ஃபிக்கை அதன் நாயகியே பார்த்துவிட்டு எழுந்து போகிற காட்சி அது.

பத்து வருஷம் கழித்து, 2020 மே மாதம், ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குள் கிடந்தபோது, ‘கார்த்திக் டயல் செய்த எண்’ என்ற குறும்படம் யூடியூபில் வந்தது. அதே சிம்பு, அதே திரிஷா. கார்த்திக் போன் செய்கிறான், ஜெஸ்ஸி எடுக்கிறாள். பத்து வருஷமாகச் சேர்த்து வைத்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு ரசிகர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். அவளுக்குக் குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். கார்த்திக் மேல் பாசம் இருக்கிறது. ஆனால் அது ஒரு தாய் பிள்ளையிடம் காட்டுகிற மாதிரியான பாசம். போச்சு.

மீம்கள் கொட்டின. பாதி மீம்கள் நல்ல நகைச்சுவை, குறை சொல்ல ஒன்றுமில்லை. கலாய்ப்பதும் துக்கம் ஆற்றும் வழிதான். மற்ற பாதியில் கோபம் யார் மேல் திரும்பியது என்பதுதான் எனக்கு உறுத்தல். படத்தை எடுத்தவர் மேல் இல்லை, கல்யாணமான பெண்ணுக்கு போன் போட்ட கார்த்திக் மேலும் அவ்வளவாக இல்லை. ஜெஸ்ஸி மேல். ‘ஏமாத்திட்டா’ என்று. முதல் படத்திலிருந்தே அவளைப் பற்றி இந்த வசவு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண் முடிவெடுக்க முடியாமல் தவித்தாள், பிறகு ஒரு முடிவெடுத்தாள், அந்த முடிவோடு வாழ்கிறாள். அவ்வளவுதான் கதை.

இது தமிழ் ஆண் ரசிகர்களின் வியாதி மட்டும் என்று சொல்ல மாட்டேன். 1868-இல் அமெரிக்காவில் லூயிசா மே ஆல்காட் ‘லிட்டில் விமன்’ முதல் பாகத்தை வெளியிட்டபோது, ஜோவை லாரிக்குக் கட்டிவை என்று கடிதம் எழுதியவர்கள் சிறுமிகள். கல்யாணம் ஒன்றுதான் பெண்ணின் லட்சியமா என்று ஆல்காட் தன் நாட்குறிப்பில் எரிச்சல்பட்டார். யாரைத் திருப்திப்படுத்தவும் அந்தக் கல்யாணத்தை நடத்திவைக்க மாட்டேன் என்று முடிவு செய்தார். மறு வருஷம் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோவை ஒரு நடுத்தர வயதுப் பேராசிரியருக்குக் கட்டிவைத்தார். அதற்கும் வாசகர்கள் ஒன்றரை நூற்றாண்டாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, ஜோடி பிரிந்ததற்கு அழுவதில் தப்பே கிடையாது. மாற்றி எழுதுவதிலும் இல்லை. ஆனால் ஜோடியைக் காப்பாற்றுவதற்காக அவளைச் சின்னவளாக்க வேண்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். பல ஷிப்புகளில் அவன் சாகசம் எல்லாம் முடித்து வருவான், அவள் வாசலில் நின்றால் போதும் என்பதுதான் நம் கனவாக இருக்கிறது.

ஜானு சொன்ன பொய்

2018-இல் வந்த ‘96’ டெல்டாவின் சொந்தக் கதை. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடம், 1996 செட். ராமும் ஜானுவும் இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரே ஒரு ராத்திரி சந்திக்கிறார்கள். அவளுக்குச் சிங்கப்பூரில் கணவர், பெண் குழந்தை. காலையில் விமானம். அந்த ராத்திரியில் ராமின் மாணவிகள் ஜானுவை அவன் மனைவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஜானு திருத்தவில்லை. நிஜத்தில் நடக்காமல் போன ஒரு சந்திப்பு நடந்துவிட்டதாக ஒரு கதையைக் கட்டிச் சொல்கிறாள். எதிரே ராம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கேனனின் பாத்திரமே தன்னைப் பற்றி ஃபேன்ஃபிக் சொல்வதைத் தமிழ் சினிமாவில் இவ்வளவு அழகாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அந்தப் பொய் யாரையும் ஏமாற்றவில்லை. கேட்கிற ராமுக்குத் தெரியும், சொல்கிற ஜானுவுக்குத் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும். கதை சொல்லி முடிந்ததும் அவள் வேறு ஆளாகிவிடவில்லை. காலையில் விமானம் ஏறுகிறாள். ரசிகர்கள் இந்த ஒரு காட்சியைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம். கதை சொல்லுங்கள், ரசித்துச் சொல்லுங்கள், விமானத்தை மட்டும் நிறுத்தப் பார்க்காதீர்கள்.

பொய்யும் வேண்டாம், கோபத்தை எங்கேயாவது இறக்கிவைத்தால் போதும் என்கிறவர்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வழி இருக்கிறது. காரைக்காலுக்கு வடக்கே பூம்புகார், கோவலனும் கண்ணகியும் கல்யாணம் செய்துகொண்ட ஊர். அவர்களைப் பிரித்தது மாதவி என்றும், விதி என்றும், பாண்டியன் என்றும் இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது. இளங்கோவே ஒரு ஆறுதல் தந்திருக்கிறார். கடைசியில் சேர நாட்டு மலையில், வானிலிருந்து வந்த கோவலனோடு கண்ணகி சேர்ந்து போகிறாள். அது போதவில்லை போலும். இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு கொம்புமுறி என்றொரு விளையாட்டு இருக்கிறது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த இரண்டு கொம்புகளைக் கொக்கி போல மாட்டி இழுப்பார்கள். யார் கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். தோற்றவர்களைக் கேலி செய்து பாட்டு வேறு. மதுரையை எரித்த கோபத்தோடு இருக்கும் அம்மனைக் குளிரவைக்கிற வழிபாட்டின் ஒரு பகுதி இது. ட்விட்டரில் நடக்கும் ஷிப் சண்டைக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். அங்கே சண்டை முடிந்தால் எல்லோருக்கும் மனசு குளிர வேண்டும் என்பது விதி.

புனிதவதி திரும்பிப் போயிருந்தால்?

மறுபடியும் காரைக்கால். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறார். பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதி ஒன்றைக் கொடுத்துவிடுகிறார். கணவர் சாப்பிட வந்து ஒரு பழம் சாப்பிட்டு, இன்னொன்றையும் கேட்கிறார். அவர் சிவனை வேண்ட, கையில் ஒரு பழம் வருகிறது. அதன் ருசி வேறு மாதிரி இருக்கவே கணவர் விசாரிக்கிறார். உண்மையைச் சொன்னால் நம்பவில்லை, இன்னொன்று வரவழைக்கச் சொல்கிறார். வருகிறது, அவர் கையில் வாங்கியதும் மறைகிறது. பயந்துவிட்டார். மனைவியைத் தெய்வமாகத்தான் அவரால் பார்க்க முடிந்தது, மனைவியாக முடியவில்லை. வியாபாரம் என்று சொல்லிக் கப்பல் ஏறினார்.

இதில் வில்லன் கிடையாது. கொடுமைக்கார மாமியார் இல்லை, இடையில் வந்த இன்னொருத்தி இல்லை. அதனால்தான் வலி அதிகம். புதுக் குடும்பத்தில் பிறந்த பெண் குழந்தைக்குப் பரமதத்தன் வைத்த பெயர் என்ன தெரியுமா? புனிதவதி. பிரிந்த ஜோடியை மறக்க முடியாமல் மகளுக்கு அந்தப் பெயரை வைத்த அவர்தான் இந்த ஷிப்பின் முதல் ரசிகர் என்று எனக்குத் தோன்றும்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சேர்த்துவைக்கக் கிளம்பினார்கள். புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றிப் பாண்டிய நாட்டுக்கே கொண்டுபோனார்கள். பரமதத்தன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவர் காலில் விழுந்தார். சேர்த்துவைக்கும் திட்டம் அங்கே செத்தது. அப்போதுதான் புனிதவதி, கணவருக்காகச் சுமந்த இந்த அழகு இனி வேண்டாம் என்று சிவனிடம் கேட்டுப் பேயுருவம் பெறுகிறார். திருவாலங்காட்டுக்குப் போகிறார். பாடுகிறார்.

ஒரு கணம் நம் ஆசைப்படியே நடந்திருந்தால்? பரமதத்தன் பயத்தை விட்டு, காரைக்காலுக்குத் திரும்பியிருந்தால்? நல்ல குடும்பம், நல்ல வியாபாரம். கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த இடம் காலி. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்து தாளம் போடும் சோழர் காலச் செப்புச் சிலை இருக்காது. 1956-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தன் முதல் வெளியீடாக ஒரு புத்தகம் போட்டது. அதுவும் இருந்திருக்காது. அது காரைக்கால் அம்மையாரின் பாடல்கள், காரவேலனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு. ஷிப் ஜெயித்திருந்தால் கவிஞர் தோற்றிருப்பார்.

காரைக்கால் ஊர் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மறுத்துவிட்டது. கல்யாணத்தைக் குறையில்லாமல் நடத்துகிறது. பிறகு பிட்சாடனர் வீதி வருகிறார், மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கிறது, குழந்தை வரம் வேண்டுகிற பெண்கள் மடியேந்தி நிற்கிறார்கள், அம்மையார் அமுது படைக்கிறார். மீதிக் கதையும் மறைக்கப்படுவதில்லை. பேயுருவத்தில் அவர் கயிலைக்குப் போவதும் திருவிழாவின் பகுதிதான். மாப்பிள்ளையைத் திட்டுவதில்லை, பெண்ணைத் தடுப்பதில்லை. சேர்ந்திருந்த நாள் உண்மை, பிரிந்த நாளும் உண்மை, இரண்டுக்கும் மேளம் உண்டு.

இதை உங்கள் ஷிப்புக்கு எப்படிப் பயன்படுத்துவது? ரொம்ப எளிது. பிடித்த எபிசோடைத் திரும்பப் பாருங்கள். அந்த நாளை மட்டும் நண்பர்களோடு கொண்டாடுங்கள். வாட்பேடில் எழுதுங்கள். முடிவை எழுதியவரின் இன்பாக்சில் போய்க் கத்த வேண்டாம், அந்த நடிகையின் போட்டோவுக்குக் கீழே வசவு போட வேண்டாம்.

கடைசியாக ஒரு விஷயம். இந்தக் கல்யாணக் கதை விரிவாக நமக்குக் கிடைப்பது 12-ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் பெரிய புராணத்தில். அம்மையார் வாழ்ந்தது அதற்குச் சுமார் அறுநூறு வருஷம் முன்னால். அவரே எழுதியவை நம் கையில் இருக்கின்றன: அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா, திரு இரட்டை மணிமாலை 20 பாட்டு, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. அவற்றில் சிவன் இருக்கிறார், சுடுகாடு இருக்கிறது, நடனம் இருக்கிறது, தன்னைக் ‘காரைக்கால் பேய்’ என்று சொல்லிக்கொள்கிற ஒருவர் இருக்கிறார். பரமதத்தன் இல்லை. மாம்பழமும் இல்லை. ஊர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனி பிறந்தால் காரைக்காலுக்குக் கூடை கூடையாக மாம்பழம் வந்து இறங்கிவிடுகிறது.